பிடியரிசி

அம்மை நாழியில் அரிசி அளந்து சொளவில் கொட்டுவாள். களைந்து உலையில் போடுவதற்கு முன்னால் அதிலிருந்து ஒரு பிடி அள்ளி, அடுப்படி மூலையில் இருந்த கலயத்தில் போடுவாள். அப்போது அவள் வாய் என்னவோ முணுமுணுக்கும். வீட்டில் அரிசி தட்டிப்போன நாட்களில் அந்தப் பிடி சிறுத்ததுண்டு, நின்றதில்லை. ஞாயிற்றுக்கிழமை அதைத் துணிப்பையில் கட்டிக் கோயிலுக்குக் கொண்டுபோவாள். சேர்ந்த அரிசியில் ஒரு பங்கு இல்லாத வீடுகளுக்குப் போகும்.

குமரி மாவட்டத்துச் சபைகளில் வளர்ந்த பலரும் அறிந்த காட்சி இது. மிசோரம் கிறிஸ்தவப் பெண்கள் நூறாண்டுக்கும் மேலாக இதையே செய்கிறார்கள். காஞ்சிப் பெரியவரும் பிடியரிசித் திட்டம் வகுத்தார். பசியை அடுப்படியிலிருந்து பார்த்தவர்களுக்கெல்லாம் இந்த ஒரே வழி தோன்றியிருக்கிறது: உண்டு மிஞ்சியதைக் கொடுக்காதே, உலையில் போடும் முன்பே எடுத்து வை.

எங்கள் பக்கம் பெரும் கொடையாளிகள் வாழ்ந்திருக்கிறார்கள். 1806-இல் திருவிதாங்கூருக்கு வந்த ஜெர்மானியர் ரிங்கல்தௌபே, 1809-இல் மயிலாடியில் ஆலயம் எழுப்பினார். அவருடைய சம்பளம் கைக்கு வந்த சூட்டிலேயே ஏழைகளிடம் போய்விடும். உடல் நலிந்து ஊரைவிட்டுக் கிளம்பியபோது அவரிடம் நல்ல உடுப்புகூட இருக்கவில்லை என்று எழுதி வைத்திருக்கிறார்கள். 1922-இல் எவரெஸ்ட் ஏறப்போன அறுவை மருத்துவர் சாமர்வெல், அந்தப் பயணத்துக்குப் பின் நெய்யூர் மருத்துவமனையைப் பார்த்தார். அலைமோதிய நோயாளிக் கூட்டம் அவரை விடவில்லை. லண்டனில் காத்திருந்த வேலையை உதறிவிட்டு நெய்யூருக்கே வந்தார்.

இவர்களை நன்றியோடு நினைக்கிறேன். ஆனாலும் கொடை என்றதும் என் மனதில் முதலில் வந்து நிற்பது எதிர்வீட்டுப் பாட்டிதான். தனிக்கட்டை. சபை அரிசி மாதாமாதம் அவள் வீட்டுக்குப் போகும். அவளும் ஞாயிற்றுக்கிழமை முந்தானையில் ஒரு சிறு முடிச்சோடு வருவாள். ஒருநாள் அம்மையிடம் கேட்டேன்: “அவியளுக்கே கோயில்லயிருந்துதானே அரிசி போகு? பின்ன எதுக்குக் கொண்டு வாறாவ?”

“வாங்குற கைக்கும் குடுக்கணும்னு இருக்காதா மக்களே?” என்றாள் அம்மை.

அந்தக் கேள்வியின் கனம் எனக்குப் பிடிபட வெகுகாலம் ஆயிற்று. ஆலய உண்டியலில் இரண்டு காசு போட்ட ஏழை விதவையை இயேசு கவனித்தார். இவளே இல்லாதவள், இவளிடம் வாங்கலாமா என்று அவர் தடுக்கவில்லை. வறுமையில் கிடந்த மக்கெதோனியச் சபையார், எருசலேம் ஏழைகளுக்கு உதவ எங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று பவுலிடம் மன்றாடினார்கள். கொடுப்பதைச் சுமை என்று நினைக்காமல் பேறு என்று கேட்டு வாங்கினார்கள்.

கத்தோலிக்கப் பங்குகளில் வின்சென்ட் தே பவுல் சபை இருக்கிறது. 1833-இல் பாரிஸில் ஒசானம் என்ற இளைஞரும் நண்பர்களும் தொடங்கியது. கூட்டம் முடிகையில் ஒரு பை சுற்றி வரும். ஆளாளுக்குக் கையை உள்ளே விட்டு எடுப்பார்கள். யார் எவ்வளவு போட்டார் என்று எவருக்கும் தெரியாது. அன்றைக்கு ஒன்றும் இல்லாதவரும் தலைகுனியாமல் பைக்குள் கைவிடலாம். அந்தப் பையைத் தைத்தவர் மனித மனதை அறிந்தவர்.

இவ்வளவும் தெரிந்திருந்தும் நான் ஒருமுறை தவறினேன். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் அடித்தது. கடலுக்குப் போன பலர் திரும்பவில்லை. சில வாரங்கள் கழித்து, மளிகைப் பைகளோடு நாங்கள் சிலர் கடற்கரை ஊர் ஒன்றுக்குப் போனோம். ஒரு வீட்டில் பையை வாங்கிக்கொண்ட அக்கா, “இருங்க, கட்டஞ்சாயா போடுறேன்” என்று உள்ளே திரும்பினாள். புருஷனைக் கடல் கொண்டுபோன வீடு. அவளுக்கு எதற்குச் சிரமம் என்று நினைத்து, “வேண்டாம்க்கா, இன்னும் நாலு வீடு இருக்கு” என்றேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. நீட்டிய கையை மடக்கிக்கொள்வதுபோல வாசல்நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

திரும்பும் வழியெல்லாம் அம்மையின் கேள்வி கூடவே வந்தது. அந்த அக்காவிடம் எஞ்சியிருந்தது கொஞ்சம் தேயிலையும் சீனியும். அதிலிருந்து ஒரு பிடி எடுத்து வைக்க அவள் முன்வந்தாள். நான் கலயத்தை மூடிவிட்டேன்.

அடுத்த மாதம் மறுபடியும் அங்கே போனேன். பையைக் கொடுத்துவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்தேன். “அக்கா, ஒரு சாயா தருவியளா?” என்று கேட்டேன்.

அவள் அடுப்பைப் பற்றவைக்கும் சத்தம் கேட்டது.