பாவு முடியும் முன்

அணி மாறிய ஆட்டக்காரரை "விலைபோய்விட்டான்" என்பார்கள். அது மாட்டுச் சந்தைச் சொல். காங்கேயத்தை அடுத்த கண்ணபுரம் சந்தையில் கயிறு கைமாறும்போது காளையின் சம்மதத்தை யாரும் கேட்பதில்லை. ஆட்டக்காரரோ தாமே கையெழுத்திட்டுப் போகிறவர். அப்படிப் போவது பிழையா என்பதுதான் கேள்வி.

இந்தியக் கால்பந்து ஆட்டக்காரர் சுனில் சேத்ரி போன தடம் நீளமானது. 2002இல் மோகன் பகான். பிறகு பஞ்சாபின் ஜே.சி.டி., ஈஸ்ட் பெங்கால், கோவாவின் டெம்போ, அமெரிக்காவின் கான்சாஸ் சிட்டி, போர்ச்சுகலில் ஸ்போர்ட்டிங்கின் 'பி' அணி. இடையே 2009இல் லண்டனின் குயின்ஸ் பார்க் ரேஞ்சர்ஸ் அழைத்தது. இந்தியா தரவரிசையில் பின்தங்கியிருந்ததால் பிரிட்டன் வேலை அனுமதி தரவில்லை. மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும் பரம எதிரிகள். இரண்டின் சட்டையையும் ஒருவரே அணிந்தால் கொல்கத்தா ரசிகருக்கு வலிக்கும். அந்த வலி பொய்யல்ல. ஒரு நாள் கூலியை விட்டு ஆட்டம் பார்க்க வந்தவருக்கு அதைச் சொல்லும் உரிமை உண்டு.

ஆனால் விசுவாசம் ஒருவழிப் பாதையாகிவிடுகிறது. ஜே.சி.டி. ஒரு துணி ஆலையின் அணி. 1996-97இல் முதல் தேசிய லீக்கை வென்ற அந்த அணியை 2011இல் கலைத்துவிட்டார்கள். இடையில் மும்பை அணிக்குக் கடனாகப் போனதைத் தவிர, 2013 முதல் சேத்ரி பெங்களூரு எஃப்.சி.யில்தான் இருந்தார். லீக் நடக்குமா என்றே தெரியாத 2025 ஆகஸ்டில் அந்தக் கிளப் முதல் அணியின் சம்பளத்தை நிறுத்திவைத்தது. அணியைக் கலைக்கும் முதலாளியை யாரும் துரோகி என்பதில்லை. அதைத் தொழில் நெருக்கடி என்கிறார்கள். பிழைப்புக்காக நகர்பவரை மட்டும் துரோகி என்று அழைப்பது அநியாயம்.

கொங்கு விசைத்தறிகளில் இதை நன்றாகவே அறிவார்கள். முன்பணம் வாங்கிய தொழிலாளி பட்டறை மாறவேண்டுமானால், புது முதலாளி பழைய பாக்கியை அடைக்கவேண்டும். கால்பந்தில் கைமாறும் மாற்றுத்தொகையும் ஏறக்குறைய அதே கணக்குத்தான். ஆளைக் கட்டிவைக்கும் அந்தக் கயிற்றை விசுவாசம் என்று அழைக்கக்கூடாது.

அதற்காகப் போகிறவருக்குக் கடமையே இல்லை என்றாகாது. தறியில் ஏற்றிய பாவு நூலை முடித்துக் கொடுத்துவிட்டுப் போவதுதான் மரியாதை. டெம்போவில் இருந்த சேத்ரி கான்சாஸுக்குக் கையெழுத்திட்டது 2010 மார்ச்சில். இந்திய லீக் முடிந்தது மே மாதத்தில். அந்த ஆண்டு டெம்போதான் பட்டம் வென்றது என்பதால் கேள்வி தீர்ந்துவிடாது. நாடு தாண்டி ஆடும் வாய்ப்பு ஓர் இந்திய முன்கள ஆட்டக்காரருக்கு எத்தனை முறை வரும் என்பதையும் சேர்த்தே எடைபோடவேண்டும்; அந்த எடையில் அவர் போனது சரி. ஆனாலும் பாதியில் நின்ற பாவின் சுமை முதலாளியைவிடப் பக்கத்துத் தறிக்காரரின் தோளில்தான் முதலில் ஏறும். டெம்போவில் அவர் விட்டுச்சென்ற இடத்துக்கும் சேர்த்து மீதி இரண்டு மாதம் ஓடியவர்கள் உடன் ஆடியவர்களே. அவர் வைத்துப்போன பாக்கி அவர்களுக்குரியது.