உயிரணுவின் வேலி

இயற்கையே உயிர்களுக்கு மதில் வகுத்துள்ளது. ஆதலின் மனிதரைப் பிறப்பால் பிரித்து வைத்தலும் இயற்கை நெறியே என வாதிடுவோர் உளர். அவ்வாதம் பொருந்துமா என்பதை உயிரணுவைக் கொண்டே ஆராய்வோம்.

ஒவ்வோர் உயிரணுவையும் மெல்லிய சவ்வொன்று சூழ்ந்துள்ளது. அதன் தடிப்பு ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ இலட்சத்தில் ஒரு பங்கேயாகும். அது கல்மதில் அன்று. கொழுப்பு மூலக்கூறுகள் ஈரடுக்காய் நெகிழ்ந்து அசைய, இடையிடையே புரதங்கள் வாயில்களாய் விளங்குகின்றன. 1957இல் ஜென்ஸ் ஸ்கௌ கண்டறிந்த புரதம், ஒரு சுற்றில் 3 சோடியம் அயனிகளை வெளியேற்றி 2 பொட்டாசியம் அயனிகளை உள்ளே சேர்க்கின்றது. அவ்வுழைப்பு நின்றால் உயிரணு நீர்கொண்டு வீங்கி மடியும்.

சவ்வு இன்றேல் உயிரில்லை என்பது மெய்யே. வாயில் இன்றேலும் உயிரில்லை. உணவு புகாது, கழிவு நீங்காது. அவ்வாயில் வரும்பொருளின் தன்மையை நோக்குமேயன்றி, அது வந்த இடத்தை வினவுவதில்லை. அரண்மனை உணவின் உப்பும் ஏழையின் கூழில் கரைந்த உப்பும் அதற்கு ஒன்றே.

இயற்கையில் உள்ள யாவும் அறமாகிவிடா, நோயும் இயற்கையே. மனிதர் ஒருவரையொருவர் எவ்வாறு நடத்துதல் வேண்டும் என்பதை மனிதரே சிந்தித்துத் தெளிதல் வேண்டும். எனினும், இயற்கையைச் சாட்சிக்கு அழைப்போர் அதன் சாட்சியத்தை முழுவதும் கேட்பாராக!