விட்டுட்டேன்!

'தண்ணி அடிக்கறதை விட்டுட்டான்', 'சிகரெட்டை விட்டுட்டேன்', 'ஸ்வீட்டை விட்டு ஆறு மாசம் ஆச்சு'... எதை விட்டாலும் நம் ஊரில் கைதட்டல் உண்டு. விட்டவன் உறுதியானவன். விட முடியாதவன் வெத்துவேட்டு. இந்தப் பட்டியலில் ஒரு நாள் நானும் ஒரு அயிட்டத்தைச் சேர்த்தேன். மாத்திரை!

காய்ச்சல் மாத்திரை அல்ல. மனசுக்கான மாத்திரை. 2016-ல் ஒரு ராத்திரி இதழை முடித்துவிட்டு வீட்டுக்கு வண்டி ஓட்டிக்கொண்டிருந்தபோது, சைதாப்பேட்டை பாலத்தின் மேல் திடீரென்று நெஞ்சு அடித்துக்கொண்டது. கை வியர்த்தது. 'அவ்வளவுதான், முடிஞ்சுது' என்று நினைத்தேன். ஆஸ்பத்திரிக்கு ஓடினால் ஈ.சி.ஜி. சமர்த்தாக இருந்தது. இப்படியே மூன்று முறை. கடைசியில் இதய டாக்டர் சிரித்துக்கொண்டே மனநல மருத்துவர் ஒருவருக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். எஸ்சிட்டலோப்ராம், 10 மில்லிகிராம், ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்று. ஆறு வாரத்தில் பாலத்தைத் தாண்டும்போது பாட்டு முணுமுணுக்க ஆரம்பித்திருந்தேன்.

அதை ஏன் விட வேண்டும்? நியாயமான கேள்வி.

ஊரிலிருந்து வந்த பெரியப்பா என் மேஜையில் அட்டையைப் பார்த்துவிட்டார். எதற்கென்று கேட்டார், சொன்னேன். "ஏம்ப்பா, பத்திரிகையில நாலு பேருக்குப் புத்தி சொல்ற ஆளு நீ. மனசைக் கட்டத் தெரியாம மாத்திரை போடலாமா?" என்றார். இதைச் சொன்னபோது அவர் கையில், காலை, மதியம், ராத்திரி என்று அறை பிரித்த பிளாஸ்டிக் டப்பா இருந்தது. ரத்த அழுத்தத்துக்கு இரண்டு, சர்க்கரைக்கு ஒன்று, கொழுப்புக்கு ஒன்று. அதைச் சுட்டிக்காட்டியிருக்க வேண்டும். காட்டவில்லை. ஏனென்றால், உள்ளுக்குள் நானும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

2018, ஜனவரி 1. புது டைரி, புது சபதம். அட்டையில் மிச்சமிருந்த மாத்திரைகளை பீரோவுக்குள் தள்ளினேன். டாக்டரிடம் சொல்லவில்லை. மனைவியிடமும் சொல்லவில்லை. ஜெயித்த பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று ஒரு வீறாப்பு.

மூன்றாவது நாள், தலையைத் திருப்பினால் மண்டைக்குள் 'சுர்'ரென்று ஒரு ஷாக். பல்பு ஃப்யூஸ் போவதற்கு முன்னால் ஒரு துடி துடிக்குமே, அந்த மாதிரி. நடந்தால் படகில் நடப்பதுபோல இருந்தது. ராத்திரி முழுக்க சினிமாஸ்கோப்பில் கெட்ட கனவுகள். நகைக்கடை விளம்பரத்தில் அப்பா பெண்ணுக்கு வளையல் போட்டுவிட, இங்கே எனக்குத் தாரைதாரையாகக் கண்ணீர். எட்டாவது நாள், அப்போது ஒன்பது வயதான என் மகள் பக்கத்தில் உட்கார்ந்து பென்சில் சீவிக்கொண்டிருந்தாள். அந்த 'கரக் கரக்' சத்தம் என்னை என்ன செய்ததென்று தெரியவில்லை. ஷார்ப்னரைப் பிடுங்கிச் சுவரில் அடித்து, ஒரு கத்து கத்தினேன். அவள் அழக்கூட இல்லை. பென்சில் பாக்ஸை மூடி எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

பத்தாவது நாள் பீரோவைத் திறந்து ஒரு மாத்திரை போட்டேன். மறுநாள் மத்தியானத்துக்குள் எல்லாம் சரியாகிவிட்டது. ஷாக் இல்லை, படகு இல்லை.

நான் எடுத்த முடிவு என்ன தெரியுமா? 'ஆக, மாத்திரை இல்லாவிட்டால் நான் இப்படிப்பட்டவன்தான். இதுதான் என் நிஜ முகம்.'

நீங்களும் இந்த மாத்திரை எதையாவது நிறுத்திப் பார்த்தவராக இருந்தால், அல்லது உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால், இதே முடிவுக்கு வந்திருப்பீர்கள். அது தப்பு என்று எனக்குப் புரிய ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது.

வைகுண்ட ஏகாதசிக்கு விரதம் இருப்பவர்களைக் கேளுங்கள். தினமும் இரண்டு டிகாக்ஷன் காபி பழகியவருக்கு, அன்று மதியம் மண்டை பிளக்கும். ஏன்? காபியிலிருக்கும் காஃபீனுக்கு ஏற்ப உடம்பு தன்னை மாற்றி அமைத்துக்கொண்டிருக்கிறது. திடீரென்று சரக்கு நின்றதும், செய்த ஏற்பாடெல்லாம் அந்தரத்தில் நிற்கிறது. அதற்காக 'காபி இல்லாத நீதான் நிஜமான நீ, உன் சுபாவமே தலைவலி' என்று யாரும் சொல்வதில்லை. மனநல மாத்திரையிலும் கிட்டத்தட்ட இதே கதைதான். மூளையின் நரம்புகளுக்கு இடையில் செரட்டோனின் என்ற ரசாயனத்தை உறிஞ்சி எடுக்கும் கதவுகள் உண்டு. மாத்திரை அவற்றை அடைக்கிறது. மாதக்கணக்கில் அடைத்திருந்தால் மூளை அதற்கேற்பத் தன்னைத் திருத்திக்கொள்கிறது. மாத்திரை சில நாட்களில் உடம்பைவிட்டுப் போய்விடும். மூளை செய்துகொண்ட திருத்தம் அவ்வளவு சீக்கிரம் போகாது. அந்த இடைவெளிதான் படகும் ஷாக்கும் கண்ணீரும்.

இது போதை அடிமைத்தனம் அல்ல. இன்னொன்று போடவேண்டும் என்று நாக்கு துடிப்பதில்லை, அளவு ஏறிக்கொண்டே போவதில்லை. உடம்பு பழகிவிட்டது, அவ்வளவே. மனவுறுதிக்கு இதில் வேலையே இல்லை.

டாக்டர்களுக்கு இது தெரியாதா? தெரியும். ஆனால், ரொம்ப நாள் குறைத்து மதிப்பிட்டிருந்தார்கள். பிரிட்டனின் 'நைஸ்' அமைப்பு 2004-ல் தந்த வழிகாட்டுதல், இந்த அவஸ்தை பொதுவாக லேசானது, ஒரு வாரத்தில் தானே சரியாகும் என்றது. அவஸ்தைப்பட்டவர்கள் கத்திக் கத்தி, 2019-ல்தான் அங்கேயுள்ள ராயல் மனநல மருத்துவர்கள் கல்லூரி 'சிலருக்குக் கடுமையாகவும் நீண்ட நாளும் இருக்கலாம்' என்று ஒப்புக்கொண்டது. நைஸும் தன் வாசகத்தைத் திருத்தியது. எல்லோருக்கும் வருமா என்றால், இல்லை. 2024-ல் 'லேன்செட் சைக்கியாட்ரி' இதழில் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். நிறுத்தியவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு ஏதோ ஒரு தொல்லை. கடுமையாகப் பாதிக்கப்பட்டவர் 35-ல் ஒருவர். இன்னொரு வேடிக்கை, வெறும் சர்க்கரை மாத்திரையை நிறுத்தியவர்களிலும் ஆறில் ஒருவருக்குத் தொல்லை வந்திருக்கிறது! மனுஷ மனசு இருக்கிறதே...

ஒரு வருஷம் கழித்து, வெட்கத்தை விட்டு டாக்டரிடம் உண்மையைச் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். "மருந்து போட்ட மறுநாளே சரியாச்சுன்னு சொல்றீங்க. பழைய படபடப்பு குறைய எத்தனை வாரம் ஆச்சு?" என்றார்.

"ஆறு வாரம் சார்."

"அப்ப, மறுநாளே சரியானது பழைய வியாதியா இருக்குமா? அந்த ஷாக் அடிக்கிற மாதிரி இருந்தது, முன்னாடி எப்பவாவது வந்திருக்கா?"

வந்ததே இல்லை. "நீங்க நிறுத்தினது தப்பில்ல சார். மாடியிலிருந்து குதிச்சதுதான் தப்பு. படி இருக்கு, இறங்கி வாங்க" என்றார்.

அந்தப் படி எப்படிப்பட்டது என்பதில்தான் பி.காம் படித்தவனுக்கு ஒரு சந்தோஷம் காத்திருந்தது. தேய்மானக் கணக்கு ஞாபகமிருக்கிறதா? ஒரு லட்ச ரூபாய் மெஷின். வருஷத்துக்கு 10 சதவீதத் தேய்மானம். நேர்கோட்டு முறையில், வருஷா வருஷம் பத்தாயிரம் கழித்தால் பத்தாவது வருஷம் பூஜ்யம். குறைந்து செல் மதிப்பு முறையில், முதல் வருஷம் பத்தாயிரம், அடுத்தது ஒன்பதாயிரம், அதற்கடுத்து 8,100. மிச்சமிருப்பதில்தான் பத்து சதவீதம். போகப் போகக் கழிப்பது சின்னதாகிக்கொண்டே வரும்.

2019-ல் லண்டனைச் சேர்ந்த மார்க் ஹோரோவிட்ஸ், டேவிட் டெய்லர் என்ற இருவர் எழுதிய கட்டுரை, மாத்திரையையும் இப்படித்தான் கழிக்க வேண்டும் என்றது. ஹோரோவிட்ஸ் தன் சொந்த மாத்திரையைக் குறைக்கப் போய்த் திண்டாடிய மனநல டாக்டர். என் மாத்திரையின் அண்ணனான சிட்டலோப்ராமை எடுத்துக்கொள்ளுங்கள். 20 மில்லிகிராம் போட்டால் செரட்டோனின் கதவுகளில் சுமார் 80 சதவீதம் அடைபடும். பாதியாக்கி 10 போட்டால்? 40 சதவீதம் என்றுதானே நினைப்பீர்கள்... இல்லை, 70-ஐ ஒட்டி. 5 போட்டாலும் 60-க்குப் பக்கம். ஆக, 20-லிருந்து 5 வரை இறங்கும்போது பெரிசாக ஒன்றும் தெரியாது. 'அட, இவ்வளவுதானா' என்று கடைசி 5-ஐத் தூக்கிப்போட்டால், மிச்சமிருக்கும் 60 சதவீதமும் ஒட்டுமொத்தமாகக் காலி! கடைசித் துணுக்குதான் மலை.

எனக்குப் பதினாலு மாதம் ஆனது. மாத்திரை வெட்டும் டப்பா ஒன்று வாங்கினேன். பாதி, கால், காலில் பாதி. ஒவ்வொரு படியிலும் மாதக்கணக்கில் நின்றேன். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது, 'இப்ப குறைக்க வேண்டாம், இருக்கற இடத்துலயே இருங்க' என்றார் டாக்டர். நாலு மாதம் கால் மாத்திரையிலேயே நின்றேன். ஒருநாள் விட்டு ஒருநாள் போடலாமே என்று கேட்டதற்குக் கூடாது என்றுவிட்டார். ரத்தத்தில் மருந்து ஏறி ஏறி இறங்குமாம்.

தயவுசெய்து இதைப் படித்துவிட்டு பிளேடும் கையுமாக உட்காராதீர்கள். மெதுவாகக் கரையும்படி செய்த மாத்திரைகளை வெட்டவே கூடாது. தூக்கத்துக்கும் பதற்றத்துக்கும் தரும் அல்பிரஸோலம், குளோனஸெபாம் வகையறாவை மாதக்கணக்கில் சாப்பிட்டவர் சட்டென்று நிறுத்தினால் வலிப்பே வரலாம். லித்தியம் கதை இன்னும் விபரீதம். எழுதிக் கொடுத்தவரிடம்தான் கேட்க வேண்டும். அவர் காது கொடுக்காவிட்டால், கேட்கிற இன்னொரு டாக்டரிடம்.

நிறுத்துவதுதான் உத்தமம் என்று நான் சொல்வதாகவும் நினைக்காதீர்கள். எனக்குத் தெரிந்த ஒரு டீச்சர் பன்னிரண்டு வருஷமாக மாத்திரை சாப்பிடுகிறார். இரண்டு முறை டாக்டர் சொன்னபடி நிதானமாகக் குறைத்தே நிறுத்தியிருக்கிறார். இரண்டு முறையும், மாதங்கள் கழித்து, பழைய இருட்டு அப்படியே திரும்பியது. "மூணாவது தடவை எனக்கு வேணாம்ணா. என் பசங்களுக்கு எழுந்து டிபன் கட்டித் தர்ற அம்மா வேணும்" என்றார். இவரைப் பலவீனமானவர் என்று சொல்ல எவ்வளவு திமிர் வேண்டும்?

2021-ல் பிரிட்டனில் வெளியான ஆய்வு ஒன்று. நீண்ட நாள் மாத்திரை சாப்பிட்டு, நிறுத்தலாமா என்று யோசிக்கும் அளவுக்கு நன்றாக இருந்த 478 பேர். ஒரு பாதிப் பேருக்கு அவர்களுக்கே தெரியாமல் மருந்தைக் குறைத்து நிறுத்தினார்கள். ஒரு வருஷத்துக்குள் நிறுத்தியவர்களில் 56 சதவீதத்தினருக்கு மனச்சோர்வு திரும்பியது. தொடர்ந்தவர்களில்? அவர்களிலும் 39 சதவீதம்! இந்த இரண்டு எண்களை வைத்துக்கொண்டு யார் வீரன், யார் கோழை என்று எப்படித் தீர்ப்பு எழுதுவது? நிறுத்துவதா, தொடர்வதா என்பது ஒரு மனிதர் தன் வாழ்க்கையைப் பார்த்து, டாக்டரோடு பேசி எடுக்க வேண்டிய முடிவு. அதைக் குணச் சான்றிதழாக்கியது நாம்தான். ஆக்கியதால்தான் என்னைப் போன்றவர்கள் ரகசியமாக, ராத்திரியோடு ராத்திரியாகக் குதிக்கிறோம்.

அந்த ரகசியம்தான் இப்போதும் எனக்கு உறுத்துகிறது. என் உடம்பு, என் மாத்திரை, என் சபதம் என்று நினைத்தேன். ஷார்ப்னர் உடைந்தது என் மகளுக்கு. என்ன தப்பு செய்தோம் என்று தெரியாமலே அவள் ஒரு வாரம் என் பக்கத்தில் வரவில்லை.

இரண்டாவது முறை ஆரம்பிக்கும் முன் அவளைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன். "அப்பா ஒரு மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமா குறைக்கப் போறேன்டா. அப்பப்ப எரிச்சல் வரும். வந்தா அது உன்னால இல்ல. எந்திரிச்சு அம்மாகிட்ட போயிடு" என்றேன்.

கொஞ்ச நேரம் யோசித்தாள். "அப்ப, அன்னிக்குக் கத்தினது நீயா, மாத்திரையாப்பா?"

மாட்டிக்கொண்டேன். 'மாத்திரை' என்று சொல்லியிருந்தால் பொய் இல்லை. அந்த ஷாக்கும் எரிச்சலும் மருந்து போனதால் வந்தவைதான். ஆனால், யாரிடமும் சொல்லாமல் குதித்தது யார்? அவளிடம் ஒரு 'ஸாரி'கூடச் சொல்லாமல் ஒரு வருஷத்துக்கு மேல் ஓட்டியது யார்?

"நான்தான்டா" என்றேன்.

"சரி" என்றாள். அப்புறம், புது ஷார்ப்னரின் விலையைச் சொன்னாள்.

கடைசித் துணுக்கைப் போட்டு வருஷங்கள் ஆகிவிட்டன. பாலத்தின் மேல் எப்போதாவது நெஞ்சு லேசாகப் படபடக்கும், அடங்கிவிடும். அடங்காத ஒரு நாள் வந்தால் மறுபடி மாத்திரை போடுவேன், அதில் எனக்குச் சங்கடமில்லை. பெரியப்பாவிடம் மட்டும் நிறுத்தியதை இன்னும் சொல்லவில்லை. பதினாலு மாதக் கணக்கையும், வெட்டும் டப்பாவையும் அவர் கேட்கவே மாட்டார். "பார்த்தியா, மனசு வெச்சே, முடிஞ்சுது" என்பார்.