தராசில் ஏறாத உயிர்கள்

இரும்புலியூர்ப் பகுதியில் வாழும் நமக்கு, தாம்பரம் விமானப்படைத் தளத்திலிருந்து எழும் விமான ஒலி பழகிப்போன ஒன்று. ஆயினும் நின்று கேட்டால், அண்டை நாடான பாகிஸ்தானோடு நமக்குள்ள நெடும் பகையை அது நினைவூட்டாமற் போவதில்லை. அப்பகையின் நடுவே அமெரிக்க வல்லரசும் நெடுங்காலம் நின்றிருக்கிறது. இருவருக்கிடையே நிற்பவனின் அறம் யாது?

1971 மார்ச் 25 இரவு கிழக்குப் பாகிஸ்தானில் இராணுவ ஒடுக்குமுறை தொடங்கியது. ஏறத்தாழ 1 கோடி மக்கள் ஏதிலிகளாய் இந்தியா வந்தடைந்தனர். டாக்காவில் பணியாற்றிய அமெரிக்கத் தூதரக அதிகாரி ஆர்ச்சர் பிளட், 20 அலுவலர் ஒப்பமிட்ட எதிர்ப்புத் தந்தியை ஏப்ரல் 6 அன்று தம் ஆதரவுடன் வாஷிங்டனுக்கு அனுப்பினார். குடியரசுத் தலைவர் நிக்சன் மனம் மாறவில்லை. சீனாவுடன் நட்புக்கொள்ளும் வழி அவருக்குப் பாகிஸ்தானில் திறந்திருந்தது. ஜூலையில் கிசிஞ்சர் அங்கிருந்தே இரகசியமாய்ச் சீனா சென்றார். பிளட் பொறுப்பிலிருந்து அகற்றப்பட்டார். டிசம்பரில் போர் மூண்டபோது, அமெரிக்காவின் விமானந்தாங்கிக் கப்பல் என்டர்பிரைஸ் வங்கக் கடலுக்கு அனுப்பப்பட்டது.

தன் நாட்டின் நலனைப் பேணுவதன்றோ ஆட்சியாளரின் கடமை என்று கேட்கலாம். கேள்வி நேர்மையானதே. சீனாவோடு இணக்கம் உலகிற்கும் நன்மையே. ஆனால் நன்மையை நாடுவது வேறு. அதற்குரிய விலையை அயலார் உயிரால் செலுத்துவது வேறு. தனிமனிதரைப் போலவே நாடுகளும் அறநெறிக்குக் கட்டுப்பட்டவை என்பதை, 1963இல் திருத்தந்தை 23ஆம் அருளப்பர் உலக அமைதி பற்றிய தம் சுற்றுமடலில் வலியுறுத்தினார். நிக்சன் நம்மை விடுத்து நம் பகைவரைத் தேர்ந்தார் என்பதன்று நம் முறையீடு. எவருக்கும் பயன்படாத எளிய வங்க மக்கள் அவருடைய தராசில் ஏறவேயில்லை என்பதே.

இதே தராசில் நம்மையும் நிறுத்துப் பார்ப்போம். 1956இல் சோவியத் படைகள் ஹங்கேரியை நசுக்கியபோது, நட்பு நாட்டைக் கண்டிக்க நம் அரசும் தயங்கியது. நம் தெருவில் இரு குடும்பங்கள் மோதிக்கொண்டால், நாளை நமக்கு உதவக்கூடியவர் பக்கம் நம் நாவும் சாய்வதில்லையா? அவ்வேளையில் அடிபட்டவர் யார் என்று முதலில் கேட்கும் துணிவை இறைவனிடம் வேண்டுவோம். அதற்கு விலை உண்டு. பிளட் அதைத் தம் பதவியால் செலுத்தினார்.