விலங்கு மட்டும் கிடந்தது

சங்கரன்கோவில் சங்கரநாராயணர் கோயிலுக்குள் பூலித்தேவன் மறைந்த இடம் என்று ஓர் அறையைக் காட்டுவார்கள். சின்ன வயதில் ஆச்சி என்னை அங்கே நிறுத்திச் சொல்லுவாள். "நெற்கட்டுஞ்செவல் ராசால்லா. வெள்ளக்காரன் விலங்கு மாட்டிக் கூட்டிட்டுப் போறான். சாமி கும்பிட்டுட்டு வாரேன்னு உள்ள போனாரு. பெறவு ஆளக் காணும். விலங்கு மட்டும் கீழ கெடந்துச்சு."

"எங்க போனாரு ஆச்சி?"

"சாமிகிட்டதான். வேற எங்க?"

இது 1767இல் நடந்ததாகச் சொல்லப்படுகிறது. அவரை ரகசியமாகக் கொன்றிருப்பார்கள் என்று நினைப்பவர்களும் உண்டு. உடல் கிடைக்காத ஊர் தனக்குத் தாங்கக்கூடிய ஒரு முடிவைச் செய்துகொண்டது என்பதுதான் என் எண்ணம். அதில் எனக்குக் கேலி இல்லை. ஆனால் காணாமல் போனவர்கள் எல்லோருக்கும் இந்த அதிர்ஷ்டம் வாய்ப்பதில்லை.

மருது சகோதரர்கள் 1801 அக்டோபர் 24 அன்று திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டார்கள். அவர்களோடு உறவினர்கள் பலரும். சின்ன மருதுவின் மகன் துரைசாமிக்கு அப்போது பதினைந்து வயதளவில் இருக்கும். அவனைத் தூக்கிலிடவில்லை. 1802 பிப்ரவரியில், எழுபதுக்கும் மேற்பட்ட கைதிகளோடு தூத்துக்குடியில் கப்பலேற்றி பினாங்குக்கு அனுப்பினார்கள். அப்போது அந்தத் தீவுக்கு வேல்ஸ் இளவரசர் தீவு என்று பெயர்.

தூத்துக்குடியில் அந்தக் கைதிகளின் காவல் பொறுப்பில் இருந்த அதிகாரி ஜேம்ஸ் வெல்ஷ். போருக்கு முந்தைய நல்ல நாட்களில் அவருக்கு ஈட்டி எறியவும் வளரி வீசவும் கற்றுக்கொடுத்தவர் சின்ன மருதுவேதான். குருவின் மகனைக் காவல் காக்கும் வேலை சீடனுக்கு வந்தது. வெல்ஷ் கெட்டவர் இல்லை. பையன் மேல் இரக்கம் காட்டினார், கனிவாக நடத்தினார், கடமையையும் முடித்தார்.

1818இல் பினாங்கில் இருந்தபோது வெல்ஷைப் பார்க்கத் தளர்ந்துபோன ஒரு கிழவர் வந்தார். கண்ணீர் வழிய நின்ற அவரை வெல்ஷுக்கு அடையாளம் தெரியவில்லை. கடைசியில் வந்தவர் தன் பெயரைச் சொன்னார்: துரைசாமி. 1830இல் வெளியான தன் நினைவுக் குறிப்புகளில் வெல்ஷ் இதை எழுதியிருக்கிறார். முதல் தடவை வாசித்தபோது நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பதினைந்தும் பதினாறும் முப்பத்தொன்று. அந்தக் கிழவருக்கு என்னைவிட வயது குறைவு.

சரி, கேள்விக்கு வருவோம். கொல்லாமல் விட்டது கருணையா?

கருணைதான் என்று சொல்ல ஒரு வாதம் உண்டு. உயிர் இருந்தால் எதுவும் நடக்கலாம். 1788 முதல் 1868 வரை பிரிட்டன் ஆஸ்திரேலியாவுக்குச் சுமார் 1,62,000 கைதிகளை அனுப்பியது. அவர்களில் ஒருவர் பிரான்சிஸ் கிரீன்வே. ஆவண மோசடிக்காக மரண தண்டனை பெற்று, அது நாடு கடத்தலாகக் குறைக்கப்பட்டு, சிட்னி வந்து கட்டடக் கலைஞராகப் பணியாற்றினார். பின்னாளில் ஆஸ்திரேலியாவின் பத்து டாலர் நோட்டிலேயே அவர் முகம் வந்தது. மோசடிக்காரர் படம் போட்ட பணம்! தூக்கில் போட்டிருந்தால் இது நடந்திருக்குமா?

நடந்திருக்காது. ஆனால் கிரீன்வேக்கு வாய்த்தது உயிர் மட்டும் இல்லை. அவர் பேசிய மொழியைத்தான் ஆளுநரும் பேசினார், அவர் தொழில் அங்கே தேவைப்பட்டது. துரைசாமியின் குற்றமோ ஒருவருக்கு மகனாகப் பிறந்தது. அதைத் திருத்திக்கொண்டு நல்லவனாவது எப்படி?

பதினைந்து வயதுப் பையனை ஊர் நடுவே தூக்கிலிட்டால் பார்ப்பவர்களுக்கு ஆத்திரம் வரும், போடுபவனுக்கும் தூக்கம் கெடும். கப்பலேற்றிவிட்டால் இரண்டுமே இல்லை. தண்டனை கண்ணுக்கு எட்டாத இடத்தில், தினம் கொஞ்சமாக நடக்கும். அந்தக் கருணையால் முதலில் பிழைத்தது அதைக் காட்டியவர்களின் மனசாட்சி என்று எனக்குப் படுகிறது.

இதை வெல்ஷைத் திட்ட எழுதவில்லை. சில வருடங்களுக்கு முன் என் குழுவில் ஒருவரிடம் வேலை போய்விட்டது என்று சொல்லும் பொறுப்பு என்னிடம் வந்தது. எனக்கு வேலை சொல்லிக்கொடுத்தவர் அவர். முடிவு என்னுடையது இல்லை. மெதுவாகச் சொன்னேன், காபி வாங்கிக் கொடுத்தேன், வாசல் வரை போனேன். 'நல்லபடியா சொல்லிட்டோம்' என்ற நிம்மதியோடு வீட்டுக்கு வந்து தூங்கினேன். நாடு கடத்தலோடு இதை ஒப்பிடுவது அபத்தம், தெரியும். ஆனால் அந்த நிம்மதியின் ருசி எனக்குப் பழக்கம். அதற்கப்புறம் அவரை நான் கூப்பிடவே இல்லை.

அப்படியானால் கனிவே வீண்தானா? இல்லை. பதினாறு வருடம் கழித்தும் துரைசாமி தேடி வந்து நின்றது அந்தக் கனிவை நினைத்துத்தான். வாங்கியவனுக்கு அது உண்மையாக இருந்தது. கொடுத்தவன் அதையே பதிலாக எடுத்துக்கொண்டு கேள்வியை மூடிவிடுவதில்தான் தப்பு இருக்கிறது. குறைந்தபட்சம் வெல்ஷ் மூடவில்லை. தனக்குப் பெருமை தராத அந்தச் சந்திப்பை எழுதி வைத்தார். அதனால்தான் அந்தக் கிழவரை நமக்குத் தெரிகிறது.

போன ஆடித்தபசுக்கு ஊருக்குப் போயிருந்தேன். கூட்டத்தில் அந்த அறை முன் நின்றபோது ஆச்சியின் குரல் கேட்டது. விலங்கு அறுந்து சாமியோடு கலந்தவருக்கு இங்கே ஓர் இடம் இருக்கிறது. விலங்கோடு போய், உயிரோடு இருந்து, முப்பத்தொரு வயதில் கிழவனானவனுக்கு எந்தக் கோயிலில் அறை? வெளியே வந்ததும் போனை எடுத்து, அந்தப் பழைய சகாவின் எண் இன்னும் இருக்கிறதா என்று தேடினேன். இருந்தது.