கொல்லாமை மட்டும் போதுமா?

ஓர் உயிரைக் கொல்லாதிருந்தால் நம் கடமை தீர்ந்துவிடுமா? நியூசிலாந்து நாட்டில் ஒட்டாகோ தீபகற்பத்தின் கோடியிலுள்ள டையரோவா முனை இதற்கு விடை பகர்கின்றது.

அல்பட்ராஸ் என்னும் பெருங்கடற்பறவை அங்குக் கூடு கட்டுகின்றது. இடுவது ஒரே முட்டை. ஆணும் பெண்ணும், ஆலைத் தொழிலாளர் முறை மாறுவதுபோல் மாறி மாறி, ஏறத்தாழ 80 நாள் அடைகாக்கும். 1920ஆம் ஆண்டையொட்டி அங்கு முட்டை காணப்பட்டது. ஆயினும் மனிதராலும் விலங்குகளாலும் நேர்ந்த அழிவினால் பல்லாண்டுகள் ஒரு குஞ்சும் பறந்து செல்லவில்லை. முட்டையைக் கவர்ந்தவர் சிலரே. காவாது விட்டவரோ பலர். பின்னர், லான்ஸ் ரிச்டேல் என்னும் ஆசிரியர் கூட்டருகே காவலிருந்தார். 1938இல் முதற்குஞ்சு பறந்தது.

இன்று அங்குள்ள பறவை நிலையத்திற்குச் செல்வோர் கண்ணாடிக்கு இப்புறம் நின்றே கூடுகளைக் காண்கின்றனர். அவ்வாறு விலகி நிற்பதும் அன்பேயாம். பறந்த குஞ்சு சில ஆண்டுகள் கடலிலேயே கழித்த பின்னரே கரை திரும்பும். காத்தவரை அது அறியாது. கைம்மாறு வேண்டாத அக்காவலே கருணை.

அயலான் அடிபடும்போது, "நான் அடிக்கவில்லையே" என்று ஒதுங்குவோர் இதனை எண்ணிப் பார்க்கட்டும். கையில் குருதி படாதிருத்தல் பாதி அறமே. அக்கையை நீட்டிக் காத்தல் மறுபாதி.