முன்னோர் நேர்ந்த கடன்

தந்தை கொடுத்த வாக்கு மகனைக் கட்டுப்படுத்துமா? தான் பிறப்பதற்கு முன்னரே பிறர் செய்த ஒரு நேர்த்தியை நிறைவேற்றும் பொறுப்பு ஒருவனுக்கு உண்டா? ஒழுக்கவியலார் நெடுங்காலம் ஆராய்ந்துவரும் இவ்வினாவுக்குத் தென்சீன மலைப்புறத்தே வாழும் சிறியதொரு மக்கட்கூட்டத்தினர் தமது வழக்காற்றினாலேயே விடை கூறியுள்ளனர். அவர்களே மாவோநான் மக்கள்.

சீன அரசினால் ஏற்றுக்கொள்ளப்பட்ட 55 சிறுபான்மையினங்களுள் மாவோநான் இனமும் ஒன்று. 2020 ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டின்படி இவர்களது தொகை ஏறத்தாழ 124,000 ஆகும். குவாங்சி சுவாங் தன்னாட்சிப் பிரதேசத்தின் வடபாலுள்ள ஹுவான்ஜியாங் இவர்களின் தாயகம். 1987 இல் அது இவர்கள் பெயரால் தன்னாட்சி மாவட்டமாக்கப்பட்டது. சுண்ணக்கற் குன்றுகள் செறிந்த அந்நிலத்தில் உழுதற்குரிய மண் மிக அரிது. தாய்-கடாய் மொழிக்குடும்பத்தைச் சேர்ந்த இவர்களது மொழிக்கு மரபாக வந்த தனி வரிவடிவம் இல்லை. எனவே சடங்குப் பாடல்களைச் சீன எழுத்துக்களைக் கொண்டே இவர்கள் எழுதிவைத்தனர்.

அச்சடங்குகளுட் தலையாயது ‘ஃபெய்தாவ்’ எனப்படுவது. தமிழில் அதனை நேர்த்திக்கடன் தீர்த்தல் எனலாம். பிள்ளைகள் யாவரும் ஓர் அன்னைத் தெய்வம் அருளும் பூக்கள் என்பது மாவோநான் மக்களின் நம்பிக்கை. பிள்ளைப்பேறு வேண்டுவோர் அத்தெய்வத்துக்கு நேர்ந்துகொள்வர்; பேறு கிட்டியபின் கடனைத் தீர்ப்பர். மரத்திற் செதுக்கிய முகமூடிகளை அணிந்த சடங்காளர், முழவும் சேகண்டியும் ஒலிக்கத் தெய்வங்களாக ஆடுவர். அன்னை அருளிய பூக்களைக் காட்டிற் கண்டெடுத்து, உரிய வீட்டாரிடம் சேர்ப்பிப்பவனாக யாவ் அரசன் என்றொரு பாத்திரமும் அதில் வருகிறது. யாவ் என்போர் அயலில் வாழும் வேறோர் இனத்தார் என்பது நோக்கற்பாலது. ஒரு பிள்ளையின் வரவுக்குத் தெய்வத்துக்கு மட்டுமன்றி அயலானுக்கும் நன்றி உண்டு என்பது இதனாற் புலனாகும்.

வறுமையாற் தந்தை கடனைத் தீர்க்காதுவிடின், அது மகனைச் சாரும் என்பது மரபு. அறவினா எழுவது இவ்விடத்திலேயே. தந்தையரின் இசைவு மைந்தரைப் பிணிக்காது என்பதை 1748 இல் டேவிட் ஹியூம் அரசியல் ஒப்பந்தம் பற்றிய தமது கட்டுரையில் வலியுறுத்தினார். இசையாதவனை ஒப்பந்தத்தின் பெயராற் கட்டுதல் முறையன்று என்ற அவ்வாதம் எளிதில் தள்ளத்தக்கதன்று. பலிப் பொருள்களுக்கும் விருந்துக்கும் பெருஞ்செலவை வேண்டும் ஒரு சடங்கு, கல்லிடையே சோளம் விளைவித்து உண்ட ஏழைக் குடும்பத்தின்மேற் சுமத்தப்படும்போது அவ்வாதம் மேலும் வலுப்பெறுகிறது.

ஆயினும் மாவோநான் மகனின் நிலை ஒப்பந்தத்திற் கையொப்பமிடாத ஒருவனின் நிலை மட்டுமன்று. தந்தை வேண்டிப் பெற்ற பேறு அவனேயாவான். பெற்ற பொருளே கடனாளியாகவும் நிற்கும் இந்நிலையை ஒப்பந்தம் என்ற சொல்லால் விளக்கவியலாது. நன்றி என்ற சொல்லே அதற்குப் பொருந்தும். நன்றியை எவரும் வழக்குத் தொடுத்துப் பெறமுடியாது. எனவே கடன் வழிவழி வருதலை ஏற்கும்போதும், அதனை எவ்வாறு தீர்ப்பது என்பதை அவ்வத் தலைமுறையே தீர்மானித்தல் வேண்டும்.

அண்மைக்கால வரலாறு இவ்வினாவை வேறொரு வடிவில் எழுப்பியுள்ளது. 1966 முதல் 1976 வரை நிகழ்ந்த பண்பாட்டுப் புரட்சியின்போது இத்தகைய சடங்குகள் மூடநம்பிக்கை எனத் தடுக்கப்பட்டன. பின்னர் அதே நாட்டின் அரசு, 2006 இல் வெளியிட்ட தேசிய அருவ மரபுரிமைப் பட்டியலில் ஃபெய்தாவைச் சேர்த்துக்கொண்டது. இன்று அது மேடைகளிலும் ஆடப்படுகிறது. அம்மேடையில் முகமூடி உண்டு, முழவு உண்டு. நேர்ந்தவரும் இல்லை, பிறந்த பிள்ளையும் இல்லை. கடனாளி இல்லாத இடத்திற் கடன் தீர்த்தல் என்பதற்குப் பொருள் யாது?

மேடை வெறும் போலி எனத் தள்ளுவதும் பொருந்தாது. குன்றுகளை விட்டு நகரங்களுக்குப் பெயர்ந்த இளைஞன் ஒருவன், தன் பாட்டன் தனக்காக எதனை நேர்ந்தான் என்பதை அங்கேயே முதன்முதல் அறியக்கூடும். அறிந்தபின் அச்சடங்கைச் செய்யவோ செய்யாதுவிடவோ அவனுக்கு உரிமை உண்டு. அறியாதவனுக்கோ மறுக்கும் உரிமைதானும் இல்லை. தான் எதனை மறுக்கிறான் என்பதே அவனுக்குத் தெரியாது.

நேர்த்தியைக் கடன் என்றே வழங்கும் தமிழுக்கும் இவ்வுண்மை புதிதன்று. முன்னோர் நேர்ந்த கடனிற் பின்னோர்மேல் தப்பாது வந்து சேர்வது, தமது வாழ்வு பிறர் வேண்டிப் பெற்றது என்ற அறிவேயாகும். அதனைக் கையளித்தல் மூத்தோர் கடமை. அதன்பின் செய்யத்தக்கது யாதென ஆராய்ந்து தெளிதல் இளையோர் பொறுப்பு.